இரண்டு பிரசவமும் ஒரு வலி ஊசியும்

பிள்ளை பெற்றுத் திரும்பியவளைப் பற்றி எங்கள் லயத்தில் இரண்டு விஷயங்கள் விசாரிப்பார்கள். ஆணா பெண்ணா என்பது ஒன்று. சத்தம் போட்டாளா என்பது மற்றது. முதல் கேள்விக்குப் பதில் எதுவானாலும் சமாளித்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு "ஒரு சத்தம் போடல" என்ற பதில்தான் வரவேண்டும். வேறு பதில் வந்தால், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடம் நிரம்பும்வரை அதுதான் பேச்சு.

அதற்குக் காரணம் எங்கள் சுவர்கள். அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய காம்பராக்கள். ஒரு காம்பராவையும் அடுத்ததையும் பிரிக்கும் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் வரிசையின் கடைசியிலுள்ள தொங்கல் வீட்டிலிருந்து "என்ன விழுந்துச்சு?" என்று குரல் வரும். அந்தச் சுவர்களுக்குள்தான் எங்கள் அம்மாமார் குடும்பம் நடத்தினார்கள், சண்டை போட்டார்கள், பிள்ளையும் பெற்றார்கள். அடுத்த காம்பராவில் ஆம்பளைகள் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் ஒருத்தி முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு பெற்றுக்கொண்டிருப்பாள். பிறகு பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. வாயில் முந்தானை வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

என் அம்மா இந்த விஷயத்தில் பேர் போனவர். அவர் என்னைப் பெற்றபோது அடுத்த வீட்டுக்காரி உப்புக் கேட்டு வந்தாளாம். பாயில் பிள்ளை கிடப்பதைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயமே தெரிந்ததாம். இந்தக் கதையைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் வருகிற பெருமையை வேறு எதற்கும் நான் பார்த்ததில்லை. எனக்கோ சின்ன வயதிலிருந்தே அந்தக் கதையைக் கேட்டால் எரிச்சல் வரும். அம்மாவுக்கு வலித்ததா என்று அந்தக் கதையில் ஒருவரும் கேட்கவில்லை.

தொண்ணூற்றாறில் நான் முதல் பிள்ளையைச் சுமந்தேன். அப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அம்மாமார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையால் ஒன்று தெரிந்துகொண்டேன். குழந்தைகள் வலித்தால் அழும், பசித்தால் அழும், அதற்கு வெட்கப்படாது. பெண் குழந்தை வாயைப் பொத்திக்கொள்ளப் பழகுவது அதற்குப் பிறகுதான். பழக்கி விடுவது நாங்கள்தான்.

வலி ஊசி என்று ஒன்று இருப்பதை எனக்குச் சொன்னது தோட்டத்து எல்லையில் கடை வைத்திருந்த சிங்கள அக்கா. நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன். எங்கள் பக்கம் தமிழ் ஆட்கள் கொஞ்சம்தான், சிங்களம் தெரியாமல் குளிக்க ஒரு சவர்க்காரம்கூட வாங்க முடியாது. அக்கா சில மாதங்களுக்கு முன்தான் டவுன் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றிருந்தார். எந்த டவுன் என்று இங்கே சொல்லப்போவதில்லை, சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. என் வயிற்றைப் பார்த்துவிட்டு, பருப்பு நிறுத்துக்கொண்டே அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், தங்கச்சி என்று அழைக்கும் 'நங்கி'யை மட்டும் அப்படியே விட்டு.

"நங்கி, அங்க ஒரு ஊசி இருக்கு. கேட்டு வாங்கிக்க. வலி முழுசாப் போகாது. ஆனா ஆத்துல மல்லாந்து மிதக்கிற மாதிரி இருக்கும். வலி கரையில நிக்கும், நீ தண்ணியில இருப்பே."

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஆறு என்னோடு வந்தது.

வீட்டில் சொன்னபோது மாமியார் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டார்.

"ஊசி போட்டுக்கிட்டுப் பெத்தா அது பெத்த மாதிரியா? புள்ள மயங்கியில்ல பொறக்கும். நம்ம லயத்துல எவளாச்சும் ஊசி கேட்டிருக்காளா?"

"கேட்டுக் குடுத்தா வாங்கிக்கிறதுல என்ன அத்தை?"

"நல்லாருக்கு. பீலியடியில நான் மொகத்த எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

என் வீட்டுக்காரர் பால்வெட்டுக்காரர். வாசலில் உட்கார்ந்து விரல்களில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்தார். தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் வாய் திறக்காத மனிதர். அன்று மட்டும் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"வலி அவளுக்குத்தானேம்மா. அவளுக்கு வேணும்னா கேக்கட்டும்."

அந்த மனிதரை நான் அன்று நேசித்தேன். பிறகு எத்தனையோ நாள் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன், அன்றைய நேசம் மட்டும் கணக்கில் அப்படியே இருக்கிறது. என் படிப்பை நிறுத்தியது அப்பா. வேலையைக் கொடுத்தது தோட்டம். கல்யாணத்தைப் பேசி முடித்தது மாமாமார். என் உடம்புக்கு என்ன வேண்டும் என்று நானே எடுத்த முடிவு இது ஒன்றுதான். கிளினிக் மருத்துவிச்சியிடமும் கேட்டேன். "அது டொக்டர் பாத்துத்தான் சொல்லுவாங்க. ஆனா நீ கேக்கலாம்" என்றார். கேட்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

எப்படிக் கேட்பது என்று ஒத்திகையே பார்த்தேன். மரியாதையாக, தெளிவான சிங்களத்தில், "மிஸ், தயவுசெய்து எனக்கு வலிக்குப் போடுகிற ஊசியைப் போட முடியுமா?" என்று குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். என்னைப் போன்ற முட்டாள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

வலி கண்ட காலையில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் தோட்டத்து லொறியில் ஏற்றிவிட்டார்கள். பின்னால் ரப்பர் ஷீட்டு, முன்னால் நானும் வீட்டுக்காரரும். டவுனுக்கு முன்னால் சோதனைச் சாவடி. வீட்டுக்காரர் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வந்து ஏறினார். ஏறியதும் காதருகில் குனிந்து, "அங்க தமிழ்ல சத்தமாப் பேசிக்கிட்டு இருக்காத" என்றார். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் டவுனில் இறங்கினால் நாங்கள் எல்லோருமே குரலைத் தாழ்த்திக்கொள்வோம். அவர் சொல்லியிருக்கவே தேவையில்லை.

ஆஸ்பத்திரி வாசலோடு அவரை நிறுத்திவிட்டார்கள். ஆம்பளைகளுக்கு உள்ளே இடமில்லை, கூட வரும் பெண்களுக்கும் இல்லை. உள்ளே போகிறவள் தனியாகத்தான் போகவேண்டும்.

லேபர் ரூமில் எனக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணி மறைப்பு. அந்தப் பக்கம் கிராமத்துச் சிங்களப் பெண் ஒருத்தி, அவளுக்கும் முதல் பிள்ளை. "புது அம்மே! புது அம்மே!" என்று சிங்களத்தில் அம்மாவைக் கூப்பிட்டு, கூரை பிய்ந்துபோகும்படி கத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட இளம் நர்ஸ் அவளைத் திட்டினார். "நீ மட்டும்தான் உலகத்துல புள்ள பெக்கிறியா?" என்றார். திட்டிக்கொண்டே போய் டொக்டரைக் கூட்டி வந்தார். டொக்டர் பார்த்தார், ஏதோ சொன்னார். நர்ஸ் திட்டிக்கொண்டே அவளுக்கு ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் கத்தல் முனகலாகி, முனகலும் மெதுவாகிவிட்டது. அவள் ஆற்றில் இறங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் இடுப்பை யாரோ இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தார்கள். போர்வை முனை என் வாயில் இருந்தது. எப்போது எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வலி ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் போர்வையை எடுத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நர்ஸ் பக்கம் வந்ததும் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு பிழையில்லாமல் சொன்னேன்.

நர்ஸ் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல.

"இவ்வளவு அழகாக் கதைக்கிற உனக்கு எங்க வலி? இன்னும் நேரம் இருக்கு."

"வலிக்குது மிஸ்."

"வலி வரும்போது நீயே கத்துவே. அப்ப பாப்போம்."

போய்விட்டார். நான் கத்தியிருக்கவேண்டும். எனக்கு அது புரிந்தது, மூளைக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அடுத்த வலி வந்தபோது வாய் தானாக மூடிக்கொண்டது. கை தானாகப் போர்வையைத் தேடியது. தொண்டையில் இருந்த சத்தம் மூக்கு வழியாக மூச்சாகப் போனது. பிறந்த நாளிலிருந்து பழகிய வாய் ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன் திறந்துவிடுமா? நான் மரியாதையாகக் கேட்டதும், கேட்டபின் அமைதியாகக் கிடந்ததும் சேர்ந்து, இவளுக்கு வலியில்லை என்று அவருக்குச் சாட்சி சொல்லிவிட்டன.

மறுபடி அவர் வந்து பார்த்தபோது முகம் மாறிவிட்டது. ஆட்களைக் கூப்பிட்டார். நான் மறுபடியும் ஊசி கேட்டேன்.

"இப்ப போட முடியாது. தலை வந்தாச்சு. இப்ப போட்டா குழந்தைக்கு மூச்சுத் திணறும்."

பெண் பிறந்தாள். மயங்காமல் பிறந்தாள். அவள் அழுத அழுகையில் எனக்கே பொறாமை வந்தது.

எல்லாம் முடிந்து துடைத்துவிடும்போது நர்ஸ் உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். "ஏன் நீ முதல்லயே சொல்லல?"

"சொன்னேனே மிஸ்."

"சொன்னே. கடையில சாமான் கேக்கிற மாதிரி சொன்னே. எனக்கு எப்படித் தெரியும்?" என் தோளைத் தட்டிக் கொடுத்தார். "தோட்டத்துப் பொம்பளைங்க கல்லு மாதிரி. எங்க ஆட்களுக்கு அந்தப் பலம் இல்ல."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எங்களுக்கு முன்னால் அந்தக் கட்டிலில் படுத்து வாயில் துணி வைத்துப் பெற்றுவிட்டுப்போன அத்தனை பெண்களும் சேர்ந்து எங்களுக்கு வாங்கிக் கொடுத்த பேர் அது.

வீட்டுக்கு வந்தபோது மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. செய்தி எப்படியோ எனக்கு முன்னால் வந்திருந்தது. "என் மருமக ஒரு சத்தம் போடல" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். "ஊசி கேட்டேன், குடுக்கல" என்று நான் சொன்னேன். "அத ஏன் வெளிய சொல்ற?" என்று அதட்டி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயம் அரைத்துக் கொடுத்தார். பாசமாகத்தான் கொடுத்தார். என் அம்மா வந்து என் நெற்றியில் முத்தம் வைத்தார். அம்மாவின் முகத்தில் அந்தப் பழைய பெருமை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காமல் குழந்தைப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து மறுபடி சுமந்தேன். இந்தத் தடவை ஏமாறுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அங்கே வலியை அளப்பது சத்தத்தால் என்று தெரிந்துவிட்டது, எனவே கத்தவேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும். லயத்தில் கத்திப் பார்க்க முடியுமா? ஒரு மத்தியானம், பால் எடுத்துப் போனபின் ஆளில்லாத ரப்பர் மலைக்குப் போய், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றபோது, ஆட்டைக் கூப்பிடுவது மாதிரி ஏதோ வந்தது. வெட்கத்தில் சுற்றுமுற்றும் பார்த்தேன். மூன்றாவது தடவை நிஜமாகவே வந்துவிட்டது.

கீழ்ச் சரிவிலிருந்து என் வீட்டுக்காரர் பால்வெட்டுக் கத்தியோடு ஓடி வந்தார். பன்றி முட்டிவிட்டது என்று நினைத்தாராம். விஷயத்தைச் சொன்னதும் மரத்தடியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது பத்தாது புள்ள. கித்துல்கல ஆத்துல ரப்பர் வள்ளத்துல போற வெள்ளக்காரங்க கத்துறதக் கேட்டிருக்கியா? அப்படிக் கத்தணும்."

"அவங்களுக்கு என்ன வலியாம்?"

"வலி இல்ல, காசு குடுத்துக் கத்துறாங்க."

நானும் சிரித்துவிட்டேன். அன்று அந்த மலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒருதடவை கத்திப் பார்த்தோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் வேறு இருந்ததாக நினைவில்லை.

லேபர் ரூமில் இந்தத் தடவை வேறு நர்ஸ், வயதானவர். நான் படுத்ததிலிருந்தே கத்தினேன். சிங்களத்தில் கத்தினேன், தமிழில் கத்தினேன். போர்வையைக் காலடியில் தள்ளிவிட்டேன். வலி ஓய்ந்த நேரத்திலும் விடாமல், "ஊசி போடுங்க மிஸ், ஊசி போடுங்க" என்று கத்தினேன்.

அவர் இடுப்பில் கைவைத்து நின்று என்னைப் பார்த்தார்.

"எத்தனாவது?"

"ரெண்டாவது மிஸ்."

"ரெண்டாவதுக்கு எதுக்கு ஊசி? சீக்கிரம் முடிஞ்சிரும். என்ன நாடகம் இது? நான் எத்தனையோ வருஷமா இங்க இருக்கேன், உங்க தோட்டத்து ஆட்கள் ஒருத்தரும் இப்படிக் கத்தினதில்ல. வெட்கமா இல்லையா?"

முதல் தடவை கத்தாததால் கிடைக்கவில்லை. இந்தத் தடவை எங்கள் ஆட்கள் கத்தமாட்டார்கள் என்பதால், கத்தியது பொய்யாகிவிட்டது. சீக்கிரம் முடியும் என்றார், மத்தியானச் சாப்பாட்டு வண்டி வந்து போன பிறகும் முடியவில்லை. கடைசி மணிநேரங்களில் நான் கத்தவில்லை. காலடியில் கிடந்த போர்வையைக் காலாலேயே இழுத்து எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். பையன் பிறந்தான்.

இப்போதும் பிள்ளைக்காம்பராவுக்கு வரும் வயிற்றுப்பிள்ளைக்காரிகளிடம் ஊசியைப் பற்றிச் சொல்கிறேன். காது கொடுத்துக் கேட்பார்கள், தலையாட்டுவார்கள். திரும்பி வந்தபின் பீலியடியில் "ஒரு சத்தம் போடலயாம்" என்று கேள்விப்படுவேன். நான் யாரையும் குறை சொல்வதில்லை. கேட்டால் கிடைக்கும் என்று அடித்துச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

பையன் பிறந்த அடுத்த நாள் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன். எங்கள் தோட்டத்தில் இரண்டு பெற்றவளுக்கு அது வழக்கம். அதைப் பற்றி என்னிடம் யாரும் வேண்டுமா என்று கேட்கவில்லை, எப்போது என்றுதான் கேட்டார்கள். மருத்துவிச்சி கிளினிக்கிலேயே சொல்லிவைத்திருந்தார், மாமியார் சரி என்றிருந்தார், வீட்டுக்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். நானும் போட்டேன். மூன்றாவது பிள்ளைக்கு எனக்கு ஆசை இருந்ததா என்று இப்போது கேட்டால் தெரியாது. யோசித்துப் பார்க்க ஒருவரும் நேரம் தரவில்லை.

சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டுபோய் விளக்குக்குக் கீழே படுக்க வைத்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை, வாயே திறக்கவில்லை. ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க, இது வலி தெரியாம இருக்க" என்று சொல்லி ஊசி போட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் கால்கள் லேசாகின. பிறகு முதுகு. கட்டில் மெல்ல நகர்வது போல இருந்தது. விளக்கு தூரமாகப் போனது. யாரோ என் வயிற்றில் ஏதோ செய்கிறார்கள் என்று தெரிந்தது, ஆனால் அது கரையில் நடந்துகொண்டிருந்தது. நான் தண்ணீரில் இருந்தேன்.

கடை அக்கா சொன்ன ஆறு அது. ஒன்றும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை அவர். அப்படியேதான் இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. டொக்டர் கையை நிறுத்தினார். இளம் வயதுக்காரர், நல்ல குரல். குனிந்து என் முகத்தைப் பார்த்து, "ரிதெனவத?" என்று கேட்டார். வலிக்குதா? இரண்டு பிள்ளை பெற்ற அந்த ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலாகக் கேட்ட மனிதர் அவர். "வலிச்சா சொல்லுங்க, இன்னும் மருந்து இருக்கு" என்றும் சொன்னார்.

எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் ஆற்றோடு போய்விட்டிருந்தது. நாக்கில் தமிழ்தான் இருந்தது.

"நேத்து வலிச்சதுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நர்ஸைப் பார்த்தார். நர்ஸுக்கும் தமிழ் தெரியாது. "மருந்துல உளறுறா டொக்டர்" என்றார். டொக்டர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். வலிக்கிறது என்றே நினைத்துவிட்டார் போல, இன்னும் கொஞ்சம் மருந்து போடச் சொன்னார். அவர் நல்ல மனிதர்தான். மருந்தும் அந்தக் கட்டிடத்தில் எப்போதும் இருந்திருக்கிறது, வலிக்குதா என்று கேட்கத் தெரிந்த ஆளும் இருந்திருக்கிறார். நான் இனிப் பிள்ளை பெறாமல் இருக்கச் செய்யும்போதுதான் அவை இரண்டும் என்னிடம் வந்தன.

வீடு திரும்பிய அன்று பையனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அடுத்த காம்பராவில் மாமியார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கூரையைத் தொடாத சுவருக்கு மேலாக அந்தக் குரல் தெளிவாக வந்தது.

"ஆபரேஷனுக்குக்கூட ஒரு சத்தம் போடலயே என் மருமக."

எனக்கு அப்போது கத்தத் தெரியும். ரப்பர் மலையில் கற்றுக்கொண்டது தொண்டையில் அப்படியே இருந்தது. ஆனால் கத்திக் கேட்டு வாங்குவதற்கு இனி எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.